மூன்று பவுன் வரியும் எல்லை கடந்த நடையும்: தெருப்போராட்டங்களின் பயன் குறித்து ஒரு நோக்கு

இன அநீதியை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்குவதனால் உண்மையான மாற்றம் விளைகின்றதா என்னும் வினா புதியதன்று. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிலாய்டு காவலர் ஒருவரின் முழங்காலின்கீழ் உயிரிழந்தபோது, உலகின் பல நகரங்களில் எழுந்த ஊர்வலங்கள் அவ்வினாவை மீண்டும் முன்வைத்தன. அக்காவலர் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஆயின், ஃபிலாய்டின் பெயரால் வரையப்பட்ட காவல்துறைச் சீர்திருத்த மசோதா கீழவையில் இருமுறை நிறைவேறியும் செனட் அவையைக் கடக்கவில்லை. மாற்றம் வந்தது என்பாரும் வரவில்லை என்பாரும் இவ்விரு செய்திகளுள் ஒவ்வொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வாதிடுகின்றனர்.

இவ்வாதத்தில் 'மாற்றம்' என்னும் சொல் அளவுகோல் இன்றி ஆளப்படுகிறது என்பது நம் கருத்து. அண்மை நிகழ்ச்சியொன்றின் பயனை அண்மையிலேயே அளத்தல் அரிது. தொடக்கமும் முடிவும் அதன்பின் பல்லாண்டுக் காலத்து வரலாறும் தெளிவாகக் கிடைக்கும் பழைய நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வதே தக்கது. அத்தகைய நிகழ்ச்சி ஒன்றில் நடந்தவர்களுள் பெருந்தொகையினர் தமிழர் என்பதும் நாம் அதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணமாகும். 1913ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நேட்டால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்த நடையே அது.

வரியின் இயல்பு

கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக இந்தியத் தொழிலாளர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது 1860ஆம் ஆண்டில் தொடங்கிற்று. முதற்கப்பல் சென்னையிலிருந்தே சென்றது. 1911 வரை சென்றோர் தொகை ஒன்றரை இலக்கத்தைக் கடந்தது. மலாயாத் தமிழர் 'சஞ்சிக்கூலி' என்று அறிந்திருந்த அதே முறைதான் அங்கும் நடைமுறையில் இருந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து வெள்ளிக்காசு, அதாவது பத்து ஷில்லிங் கூலி, ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் உயர்வு.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமல் காய்கறி பயிரிட்டும் சிறுவாணிகம் செய்தும் அங்கேயே வாழத் தலைப்பட்டது வெள்ளையர்க்கு உவப்பாக இல்லை. எனவே 1895ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தவர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும். அன்றேல் மீண்டும் ஒப்பந்தத்தில் ஒட்ட வேண்டும். இரண்டும் செய்யாதார் ஆண்டுதோறும் மூன்று பவுன் தலைவரி செலுத்த வேண்டும். நேட்டால் அரசு முதலில் கேட்டது இருபத்தைந்து பவுன். இந்திய அரசு இசைந்தது மூன்று பவுனுக்கு. பின்னர் 1903ஆம் ஆண்டுச் சட்டம் பதினாறு வயதான மகனுக்கும் பதின்மூன்று வயதான மகளுக்கும் இவ்வரியை விரித்தது. மூன்று பவுன் அறுபது ஷில்லிங் ஆகும். முதலாண்டுக் கூலியில் ஆறு மாத உழைப்பு அது. கணவன், மனைவி, வயதுவந்த பிள்ளைகள் இருவர் உள்ள குடும்பம் ஒன்று ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன் கட்ட வேண்டியதாயிற்று. வரியின் நோக்கம் கருவூலத்தை நிரப்புவதன்று, தொழிலாளியை மீண்டும் தோட்டத்துக்குள் தள்ளுவதே என்பது இதனால் பெறப்படும்.

விண்ணப்பங்கள் அளிக்கப்படாமல் இல்லை. 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரசு தோன்றிய நாள்முதல் மனுக்கள் இலண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் சென்றவண்ணம் இருந்தன. 1912ஆம் ஆண்டு கோபாலகிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்காவுக்கு நேரில் சென்று அமைச்சர்களைக் கண்டு, வரி நீக்கப்படும் என்னும் உறுதிமொழியைப் பெற்றதாகக் கருதித் திரும்பினார். மறுஆண்டு அரசு அத்தகைய உறுதிமொழி எதுவும் அளிக்கப்படவில்லை என்று கூறிற்று. அதே ஆண்டு மார்ச்சில் கேப் உயர்நீதிமன்ற நடுவர் சேர்ல், கிறித்தவ முறைப்படி நடைபெறாத இந்தியத் திருமணங்கள் பல சட்டப்படி செல்லா என்னும் பொருள்படத் தீர்ப்பளித்தார். இந்து, இசுலாமியப் பெண்டிர் ஒரே நாளில் சட்டத்தின் பார்வையில் மனைவியர் அல்லராயினர். வரி ஏழையைத் தாக்கியது. தீர்ப்போ அனைவரையும் தாக்கியது. இரண்டும் ஒருங்கே வந்ததனால்தான் அதுவரை சிறுபான்மையோர் போராட்டமாக இருந்தது பெருந்திரளின் போராட்டமாயிற்று.

பெண்டிரும் சுரங்கமும்

தொழிலாளரைத் தட்டி எழுப்பியவர் காந்தியடிகள் என்று பொதுவாக எழுதப்படுகிறது. நியூகாசில் சுரங்கங்களுக்குச் சென்று வேலைநிறுத்தத்துக்கு முதன்முதல் அழைப்பு விடுத்தோர், டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து வந்த பதினொரு பெண்டிர் ஆவர். அவர்களுள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் தமிழ்ப்பெண்கள். கைக்குழந்தையுடன் வந்தோரும் அவர்களுள் இருந்தனர். 1913 அக்டோபரின் இடையில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அப்பெண்டிர் கைதாகி மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். தாய்மொழியில் பேசக்கூடிய பெண்கள் லயங்களுக்குள் சென்று சொன்னது, மேடைச் சொற்பொழிவுகள் செய்யாததைச் செய்தது. இதனை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வியப்பிற்குரியது.

வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுரங்க உரிமையாளர் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றினர். அவர்களுக்கு உண்டியும் உறையுளும் தேட வேண்டிய நிலையில்தான் நடைப்பயணம் உருவாயிற்று. ஒரு மாநிலத்து இந்தியர் அனுமதியின்றி மற்றொரு மாநிலத்துக்குள் செல்வது குற்றமாதலின், எல்லை கடத்தலே சட்டமறுப்பாகும். 1913 நவம்பர் 6ஆம் நாள் சார்ல்ஸ்டவுனிலிருந்து வோல்க்ஸ்ரஸ்ட் நோக்கி 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் நடந்தனர். நாளொன்றுக்கு ஆளுக்கு ஒன்றரை இராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையுமே உணவு. காந்தியடிகள் நான்கு நாள்களுக்குள் மூன்று முறை கைது செய்யப்பட்டார். நவம்பர் 10ஆம் நாள் பால்ஃபர் என்னும் இடத்தில் நடைப்பயணிகள் அனைவரும் தடுக்கப்பட்டு, மூன்று தனித் தொடர்வண்டிகளில் ஏற்றப்பட்டு நேட்டாலுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். சுரங்க வளாகங்களே சிறைகளாக அறிவிக்கப்பட்டன. சுரங்கத்தின் வெள்ளை அலுவலர் சிறைக்காவலராயினர். நிலத்தடி வேலையே கடுங்காவல் தண்டனையாயிற்று.

தெருப்போராட்டம் என்ற அளவில் நோக்கினால் அந்த நடை ஐந்தே நாளில் தோற்றுவிட்டது. நடை நின்ற பின்னர்தான் அரசு உண்மையிலேயே அஞ்சத் தொடங்கிற்று. காரணம், செய்தி கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவி, எவர் அழைப்புமின்றி அங்குள்ளோரும் வேலையை நிறுத்தினர். ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் வேலை செய்யாதிருந்தனர் என மதிப்பிடப்படுகிறது. மவுண்ட் எட்ஜ்கோம்பு முதலிய இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளர் சிலர் மாண்டனர். இந்தியாவின் அரசப் பிரதிநிதியான ஹார்டிங் பிரபு நவம்பர் இறுதியில் சென்னையில் பேசுகையில், அங்குள்ள இந்தியர்பால் தம் பரிவை வெளிப்படையாகத் தெரிவித்து, விசாரணை வேண்டும் என்றார். பேரரசின் ஒரு கை மற்றொரு கையைக் குறை கூறியது. டிசம்பரில் விசாரணைக்குழு அமைந்தது, காந்தியடிகள் விடுதலையானார்.

எனவே நடைப்பயணம் செய்த பணி யாது? கரி எடுக்கவும் கரும்பு வெட்டவும் ஆளில்லை என்பது முதலாளிகளுக்கு மட்டுமே தெரிந்த இடர்ப்பாடாக இருந்திருக்கும்; குழந்தைகளுடன் இரண்டாயிரம் பேர் நெடுஞ்சாலையில் நடந்தது அதனை இலண்டனுக்கும் சென்னைக்கும் தெரியும் செய்தியாக்கிற்று. வேலைநிறுத்தம் விலையை ஏற்றியது. நடை அவ்விலையை ஊரறியச் செய்தது. இவற்றுள் ஒன்றின்றி மற்றொன்று வென்றிருக்கும் என்று நாம் கருதவில்லை.

கிடைத்ததும் கிடைக்காததும்

1914ஆம் ஆண்டு இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கிற்று. ஒருவனுக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியத் திருமணங்கள் ஏற்கப்பட்டன. ஒப்பந்தம் முடிந்த ஒரு தொழிலாளியின் மடியில் வைத்துப் பார்த்தால் இது பேச்சளவிலான வெற்றியன்று. ஆண்டுதோறும் ஆறு மாதக் கூலி மீண்டது. மறு ஒப்பந்தத்தில் ஒட்டவேண்டிய கட்டாயம் ஒழிந்தது.

ஆயினும் இச்சட்டத்தை மற்றொரு கண்கொண்டும் படித்தல் வேண்டும். வரியினால் அரசுக்குக் கிடைத்த வருவாய் சொற்பம். எனவே அதனை விடுவது எளிதாயிற்று. மேலும், தங்கும் உரிமையைக் கைவிட்டு ஊர் திரும்புவோர்க்குக் கட்டணமில்லாப் பயணம் அளிக்கும் பிரிவு ஒன்று அதே சட்டத்தில் இடம்பெற்றது. இந்தியரைக் குறைக்க வேண்டும் என்னும் பழைய நோக்கம் தடியை வைத்துவிட்டு இனிப்பை எடுத்துக்கொண்டது, அவ்வளவே. வாக்குரிமை, நிலம் வாங்கும் உரிமை, வாணிக உரிமம், மாநிலங்களிடையே செல்லும் உரிமை ஆகியவற்றில் ஒன்றும் மாறவில்லை. முழுமையான குடியுரிமை கிட்டும்வரை நிறைவு இல்லை என்பதைக் காந்தியடிகளே ஸ்மட்ஸ் தரப்பினர்க்கு எழுதிய கடிதத்தில் உணர்த்தியுள்ளார். 1946ஆம் ஆண்டு ஆசியர் நிலவுடைமைச் சட்டமும் 1950ஆம் ஆண்டு குழுப்பகுதிச் சட்டமும் வந்தபோது, 1914இல் விடப்பட்டவையே மீண்டும் தலைதூக்கின.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1913ஆம் ஆண்டு சூன் மாதத்தில்தான் கறுப்பின மக்களை நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ ஏழு விழுக்காட்டுக்குள் அடைத்த நிலச்சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு புளூம்ஃபொண்டெய்ன் நகரில் கறுப்பினப் பெண்டிர் நடமாட்ட அனுமதிச்சீட்டை எதிர்த்து ஊர்வலம் சென்று சிறைப்பட்டனர். இந்தியர் போராட்டமும் இப்பெண்டிர் போராட்டமும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒன்றையொன்று தொடாமல் நடந்தன. வேண்டுகோள் குறுகியதாக இருந்தமை இந்தியர்க்கு விரைவில் வெற்றி தந்தது. இன அநீதியின் கட்டடம் அசையாமல் நின்றமைக்கும் அக்குறுக்கமே ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம்.

அனுமதிச்சீட்டின் பிற்கால வரலாறு இதற்கு மறுதலையானது. 1956 ஆகஸ்டு 9ஆம் நாள் ஏறத்தாழ இருபதினாயிரம் பெண்டிர் பிரிட்டோரியாவில் அரசுத் தலைமை மாளிகைக்கு ஊர்வலமாகச் சென்றனர். முன்நின்ற நால்வருள் ரஹிமா மூசா இந்திய வம்சாவளியினர். எல்லா இனத்தாரும் கூடிய அவ்வூர்வலம் உடனடியாக எதனையும் பெறவில்லை. 1960இல் ஷார்ப்வில்லில் அதே சீட்டை எதிர்த்துத் திரண்டோருள் 69 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். சீட்டுமுறை ஒழிந்தது 1986இல். இடையில் 1973ஆம் ஆண்டு டர்பன் நகரத்து ஆலைகளில் தொடங்கிய வேலைநிறுத்தங்களில் ஏறத்தாழ அறுபதினாயிரம் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன் விளைவாகக் கறுப்பினத் தொழிற்சங்கங்களைச் சட்டப்படி ஏற்கும் நிலை 1979இல் வந்தது. இருபதினாயிரம் தமிழர், தெலுங்கர் முதலியோர் கரும்பு வெட்ட மறுத்த அதே கடற்கரைப் பகுதி அது.

2020ஆம் ஆண்டை நோக்க

இவ்வளவும் கண்டபின் அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டு ஊர்வலங்களை நோக்கினால் சில செய்திகள் விளங்கும். நியூயார்க் மாநிலத்தில் காவலர் மீதான ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை மறைத்துவைக்க இடந்தந்த சட்டப்பிரிவு ஒன்று இருந்தது. அதனை நீக்குமாறு பல்லாண்டுகளாகக் கோரிக்கை இருந்துவந்தது. 2020 சூனில், ஊர்வலங்கள் தொடங்கிச் சில வாரங்களுக்குள் அது நீக்கப்பட்டது. வரையறுத்த கோரிக்கை, அதனை நிறைவேற்றும் அதிகாரமுள்ள ஓரவை, முன்னரே ஆயத்தமாயிருந்த இயக்கம் ஆகிய மூன்றும் அங்குக் கூடின. மாறாக, நாடு முழுமையும் காவல்முறை மாறவேண்டும் என்னும் கோரிக்கையைக் கேட்க ஒரு ஸ்மட்ஸ் இல்லை. அந்நாட்டில் ஏறத்தாழ பதினெண்ணாயிரம் தனித்தனிக் காவல் அமைப்புகள் உள்ளன. 1963இல் பர்மிங்காம் நகரில் ஊர்வலங்கள் கடைப்புறக்கணிப்போடு இணைந்திருந்தன. வணிகர் இழப்பைத் தாங்காது இறங்கி வந்தனர். 2020ஆம் ஆண்டு ஊர்வலங்களில் திரண்டோர் பன்மடங்கு மிகுதி. ஆனால் அவர்களுடைய வருகையால் எவருடைய கரியும் சுரங்கத்தில் கிடந்துவிடவில்லை.

தெருப்போராட்டம் பயனற்றது என்பார்க்கு 1914ஆம் ஆண்டுச் சட்டமே விடை. அது தானே எல்லாவற்றையும் மாற்றும் என்பார்க்கு 1914க்கும் 1994க்கும் இடைப்பட்ட எண்பது ஆண்டுகள் விடை. நடையைக் குறைத்து மதிப்பிடுவோரும் மிகுத்து மதிப்பிடுவோரும் நடைக்குப் பின்னால் நின்ற வேலைநிறுத்தத்தைக் காணத் தவறுகின்றனர்.

தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை அறியாத தமிழாசிரியர் இலர். ஆயின், வகுப்பறையில் அவர் சிறையும் சாவும் சொல்லப்படும் அளவுக்கு, எதற்காகச் சிறை சென்றார் என்பது சொல்லப்படுவதில்லை. மூன்று பவுன் எத்தனை மாதக் கூலி என்று மாணவரைக் கணக்கிடச் செய்தால் அப்பாடம் வேறாகிவிடும். ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்து வளர்ந்த அப்பெண், சிறையில் நோயுற்று, வெளிவந்த சில நாள்களில், 1914 பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறாம் வயதில் இறந்தார். ஜோகன்னஸ்பர்க் டிரான்ஸ்வால் மாநிலத்தைச் சேர்ந்தது. மூன்று பவுன் வரியோ நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்தோர்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் மட்டுமே விதிக்கப்பட்டது.