கேட்ட இசைக்குக் கணக்கு

கேள்வியும் ஒரு செல்வமெனப் போற்றினர் நம் முன்னோர். செல்வமாயின் அதற்குக் கணக்கும் வேண்டுமன்றோ? முன்னாளில் புதியதொரு கீர்த்தனையைக் கேட்பதற்குக் கோயில் திருவிழாவையோ வானொலி நிகழ்ச்சியையோ எதிர்பார்த்திருந்தோம். அரிதிற் கிடைத்தமையால் அது நெஞ்சில் நிலைத்தது. இன்றோ எண்ணிறந்த கச்சேரிகள் கைத்தொலைபேசியிலேயே வந்து குவிகின்றன. ஒரு மாலையிற் பத்துப் பாடல்களைக் கேட்கின்றோம்; அடுத்த வாரம் அவற்றுள் ஒன்றேனும் நினைவில் இருப்பதில்லை.

இக்குறை தீர்க்க ஓர் அப்பியாசக் கொப்பி போதும். பக்கத்தை ஆறு நிரல்களாக வகுத்து, பாடலின் முதலடி, இராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், கேட்ட நாள் என்பவற்றை எழுதிவருதல் வேண்டும். இயற்றியவர் பெயர் தெரியாதவிடத்து முத்திரையை நோக்கலாம். தியாகராஜர் தம் பெயரையே முத்திரையாக வைத்தார். முத்துசுவாமி தீட்சிதருக்குக் 'குருகுக' என்பதும், சியாமா சாஸ்திரிகளுக்குச் 'சியாமகிருஷ்ண' என்பதும் முத்திரைகளாகும். பாரதியார் பாடல்கள் போன்றவை பல மெட்டுக்களிற் பாடப்படுதலால், அவற்றிற்கு இசையமைத்தவர் பெயரையும் சேர்த்தெழுதுதல் நன்று.

குறிப்புக்கள் நூறைக் கடந்தபின் வேண்டியதைத் தேடியெடுத்தல் எளிதன்று. அதற்கான வழியை நமது இசை மரபே வகுத்துத் தந்துள்ளது. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி என்பார் 'சதுர்தண்டிப் பிரகாசிகை' என்னும் நூலில் 72 மேளங்களை வகுத்தார். முதல் 36 மேளங்கள் சுத்த மத்திமம் உடையன. ஏனைய 36 பிரதி மத்திமம் உடையன. இன்று வழங்கும் மேளப் பெயர்களின் முதலிரண்டு எழுத்துக்களிலே அவற்றின் எண் மறைந்துள்ளது. மாயாமாளவகௌளையில் 'மா' 5ஐயும் 'யா' 1ஐயும் குறிக்கும். மாற்றி வாசிக்க 15 ஆகும். மேசகல்யாணி 65ஆவது மேளம். அதில் 36ஐக் கழிக்க வரும் 29, தீரசங்கராபரணம். இவ்விரண்டிற்கும் மத்திமம் ஒன்றே வேறுபாடு.

ஆகவே கொப்பியின் பின்புறத்தில் மேளத்திற்கு ஒரு பக்கமாக ஒதுக்கி, பாடல்களின் முதலடிகளை அவ்வப் பக்கத்தில் எழுதலாம். பிலஹரியும் ஹம்சத்வனியும் 29ஆம் பக்கத்திலும், மோகனம் 28ஆம் பக்கத்திலும் இடம்பெறும். தெரியாத இராகத்தை ஊகித்து எழுதற்க. அவ்விடத்தை வெறுமையாக விட்டு, சங்கீத ஆசிரியரைக் கேட்டறிந்தபின் நிரப்புக. ஒரு திங்கள் கழிந்தபின் அப்பாடலை மீண்டும் கேட்டு, புதிதாகப் புலப்பட்டதை ஒரு வரியில் எழுதினால் கேள்வி அறிவாக முதிரும்.

இஃது ஒருவரின் பொழுதுபோக்கு மாத்திரமன்று. நமது ஆலய வீதிகளில் நாதஸ்வர, தவில் வித்துவான்கள் விடியுமட்டும் வாசித்தவற்றுட் பெரும்பகுதி கேட்டோர் செவியோடு கழிந்துவிட்டது. எழுதிவைத்தவற்றிற்கும் காப்பு வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறு படியில்லாதவை மீளவேயில்லை.

ஆதலின் மாணவர்காள், பாடகர் பெயரும் நாளும் தவறாது எழுதுங்கள். சிறப்பாக, நம்மூர் வித்துவான்களின் இசையைக் கேட்டவுடனே குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டிறுதியில் அதற்கு ஒரு படியெடுத்துக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பியுங்கள். பழைய மாணவராகிய நாமும் நினைவிலுள்ளவற்றை இன்றே எழுதத் தொடங்குவோமாக.