கடனும் மனமும்

பணக் கவலையில் இருப்பவரிடம், "கொஞ்சம் யோசித்துச் செலவு செய்திருக்கலாமே" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யோசிக்கும் திறனையே அந்தக் கவலை பறித்துவிடும் என்பதை மறந்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆராய்ந்த ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர், 2013-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டனர். கரும்புப் பணம் அறுவடைக்குப் பிறகே மொத்தமாகக் கைக்கு வரும்; அதுவரை கடனும் அடகும்தான். அதே விவசாயிகள், சிந்தனைத் திறன் சோதனைகளில் அறுவடைக்கு முன்பைவிடப் பின்பு சிறப்பாகச் செய்தனர். ஆள் மாறவில்லை, பாரம் இறங்கியிருந்தது.

மெர்கோங்கிலிருந்து படிக்க வந்த எனக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. பி.டி.பி.டி.என். கடன் பணம் வரும்வரை நாள்களை எண்ணியபடி விரிவுரையில் அமர்ந்திருக்கும் நண்பர்களைக் கண்டிருக்கிறேன். பாடம் மனத்தில் ஏறாதபோது, 'நான் மக்கு' என்று அவர்களே முடிவுகட்டிக்கொள்கிறார்கள். மனம் சோர்ந்தால் கணக்குப் பார்க்கவே பயம் வரும்; பார்க்காமல் விட்டால் கடன் ஏறும்; ஏறினால் சோர்வு கூடும்.

எனவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மனநல ஆலோசகரைச் சந்திக்கும்போது கடனையும் மறைக்காமல் சொல்லுங்கள். வேலைக்குச் சென்ற பின் வங்கிக் கடனில் திணறும் முன்னாள் மாணவர்களுக்கு, பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. இலவச ஆலோசனை தருகிறது. தவணையைச் சீரமைக்கவும் உதவுகிறது. ஆலோங்கின் கதவைத் தட்டுவதற்கு முன் இந்தக் கதவுகளைத் தட்டுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.