மம்மி இல்லாத மகாதேவி

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் மின்ரயில் ஏறி சென்னைப் பக்கம் போனால் திருமுல்லைவாயில். அரக்கோணம் பக்கம் போனால் திருவாலங்காடு. முதல் ஊரின் மாசிலாமணீசுவரர் கோயிலில் உத்தம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அவன் தாயார் செம்பியன் மாதேவி நிலம் அளித்ததைச் சொல்கிறது. இரண்டாவது ஊரின் பெயரைத் தாங்கிய செப்பேடுகள், அந்த அரசி வாழ்க்கைப்பட்ட குடும்பத்தின் வம்சாவளியைச் சொல்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசிக்கு யார் மகன், யார் கொழுந்தன் என்று கண்டுபிடிக்க வேண்டிய இரண்டு வகைச் சாட்சியும் இந்த ஒரே ரயில் பாதையில் கிடைத்துவிடுகின்றன.

எகிப்தில் இதே வேலையை உடம்பை வைத்துச் செய்கிறார்கள். அரசி தியே மூன்றாம் அமென்ஹோத்தெப்பின் பட்டத்தரசி. 1898இல் விக்டர் லோரே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டாம் அமென்ஹோத்தெப்பின் கல்லறையைத் திறந்தபோது, பக்க அறையில் பெயர் தெரியாத பெண் மம்மிகள் இரண்டு கிடந்தன. மூத்தவள் ஒருத்தி, இளையவள் ஒருத்தி. மூத்தவள் யார் என்ற சர்ச்சை நூறாண்டுக்கு மேல் நீண்டது. துட்டன்காமனின் கல்லறையில் தியேவின் பெயர் பொறித்த குட்டிப் பெட்டிக்குள் ஒரு முடிக்கற்றை இருந்தது. அதை அந்த மம்மியின் கூந்தலோடு ஒப்பிட்டுப் பார்த்தும் எல்லோரும் சமாதானமாகவில்லை.

2010இல் வெளிவந்த டி.என்.ஏ. ஆய்வுதான் வழக்கை ஏறக்குறைய முடித்தது. மரபணுத் தொடரில் சில இடங்களில் சின்னச் சின்னத் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை திரும்புகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்த எண்ணிக்கைகளில் ஒன்று அப்பாவிடமிருந்து வரும், மற்றது அம்மாவிடமிருந்து வரும். இப்படி எட்டு இடங்களை ஒப்பிட்டதில், மூத்த மம்மி யூயா, துயா தம்பதியின் மகள் என்று தெரிந்தது. அந்தத் தம்பதிதான் தியேவின் பெற்றோர், அரச குலத்தவர் அல்லர். அவள் துட்டன்காமனின் பாட்டி என்பதும் உறுதியானது. கூடக் கிடந்த இளையவள் அவனுடைய தாய். அவள் தன் கணவனுக்கு உடன்பிறந்தவளும்கூட. இவ்வளவு பழைய எலும்பில் இன்றைய மனிதர்களின் டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டிருக்கலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

செம்பியன் மாதேவிக்கு இந்தச் சோதனை எதுவும் நடக்காது. சோழர்கள் எரித்துவிட்டார்கள். மிச்சமிருப்பது கல்லும் செம்பும்தான்.

யூயா, துயாவின் கல்லறை திறக்கப்பட்டது 1905இல். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் வெளியே வந்ததும் அதே 1905இல்தான். மொத்தம் 31 தகடுகள், வளையத்தில் கோத்து, சோழ முத்திரை இட்டவை. பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததை ராஜேந்திர சோழன் பதிவு செய்த ஆவணம் அது. தானத்தைத் தமிழில் சொல்வதற்கு முன், வடமொழியில் வம்சப் பெருமை வருகிறது. சூரியனிலிருந்து தொடங்கி வந்து, கடைசியில் நமக்குத் தெரிந்த ஆட்களை எட்டுகிறது. செம்பியன் மாதேவியின் கணவன் கண்டராதித்தனின் தம்பி அரிஞ்சயன், அவன் மகன் சுந்தர சோழன். சுந்தர சோழன் இறந்ததும் அரசி வானவன் மாதேவி உடன் தீயில் இறங்கினாள். அடுத்து ஆட்சிக்கு வரும்படி மக்கள் வேண்டியும், சிற்றப்பன் முறையான உத்தமனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை எனக்கு வேண்டாம் என்று அவர்கள் மகன் அருள்மொழி, பின்னாளைய ராஜராஜன், விலகி நின்றானாம்.

இந்தக் கடைசிச் செய்தியை நான் முழுதாக நம்பமாட்டேன். பாடியவர் ராஜேந்திரனின் அரசவைக் கவி. பாடப்பட்டவன் ராஜேந்திரனின் அப்பா. கோயில் சுவரில் உள்ள நில ஆவணத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. அது நான்கெல்லையும் வரியும் பேசுகிற பத்திரம். கொடுத்தவர் இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னாரின் தாய் என்று அடையாளம் சொல்லியாக வேண்டும். செம்பியன் மாதேவியின் கல்வெட்டுகள் அவரை மழவரையர் மகள், கண்டராதித்தர் தேவி, உத்தம சோழனைத் திருவயிறு வாய்த்த பிராட்டியார் என்று குறிக்கின்றன. 'பொன்னியின் செல்வ'னில் தொட்டில் மாறிய பிள்ளைக் கதையைப் படித்து வளர்ந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கல்கி கற்பனைக்கு எடுத்துக்கொண்ட சுதந்திரம் அது. கல்வெட்டுகளில் உத்தமன் அவர் பெற்ற பிள்ளை.

உறவு தெரிந்தால் போதாது, ஆண்டும் வேண்டும். அதை வானம் கொடுத்தது. வேலூர்ப் பக்கம் திருவல்லத்தில் ராஜராஜனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஐப்பசி விஷுவன்று ரேவதி நட்சத்திரத்தில் சந்திர கிரகணம் என்கிறது. இந்த மூன்றும் ஒரே நாளில் சேர்வது அபூர்வம். கணக்குப் போட்ட ஜெர்மன் அறிஞர் கீல்ஹார்ன் அதை 991 செப்டம்பர் 26 என்று கண்டார். மற்றக் கல்வெட்டுகளையும் சேர்த்துப் பார்த்து, ராஜராஜன் பட்டமேறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று சுருக்கினார். ஒரே ஒரு மாத இடைவெளி! தியேவின் கணவன் பட்டமேறிய ஆண்டையே எகிப்தியலாளர்களால் இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கின்படி கண்டராதித்தன் 957 வாக்கில் மறைந்தான். அரசி அதன்பின் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்தார். கொழுந்தன் வழி ஆட்சி, மகன் ஆட்சி, ராஜராஜன் ஆட்சி மூன்றையும் பார்த்தார். அந்தக் காலமெல்லாம் செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கிக்கொண்டே இருந்தார். கோனேரிராஜபுரத்தில் கணவர் சிவலிங்கத்தை வணங்குவது போலச் சிற்பம் வைத்து, அது அவர்தான் என்று கீழே எழுதியும் வைத்தார். திருக்கோடிக்காவலில் பழைய கட்டடத்தைப் பிரித்தபோது, அதில் கிடந்த பழங்கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். ஒவ்வொன்றிலும் இது பழங்கற்படி என்ற குறிப்பு உண்டு. தனக்கு முந்தையவர்கள் தந்த கொடை தன் திருப்பணியில் காணாமல் போகக் கூடாது என்று நினைத்த அரசி. இன்றைக்குத் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் மணல் பீய்ச்சுபவர்களுக்கு இதை யாராவது சொல்லலாம்.

கல்வெட்டைப் படி எடுப்பதை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்குவார்கள். பிறகு மேலே மை ஒற்றினால், குழிக்குள் இறங்கிய எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரியும். மங்கிய சுவரில் கண்ணில் படாத மழவரையர் மகள் தாளில் வந்துவிடுவாள்.

நாகப்பட்டினம் பக்கத்தில் செம்பியன் மாதேவி என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கோயிலில் 1019இல் ராஜேந்திரன் இந்தக் கொள்ளுப்பாட்டி முறை அரசிக்குப் படிமம் எடுத்தான். வாஷிங்டனில் உள்ள ஃப்ரீர் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலச் சிலை, நீண்ட கைகளும் வளைந்த இடுப்புமாக நிற்கிறது. அது செம்பியன் மாதேவிதான் என்று பல கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள், பார்வதி என்போரும் உண்டு. சிலையில் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. உலோகத்துக்கு டி.என்.ஏ.யும் கிடையாது.