இறக்கத்தில் சுமை வண்டி: டிராக்டர் ஓட்டுவோர் கவனத்திற்கு

அறுவடைக் காலத்தில் கரும்பு, மரவள்ளிக் கிழங்கு, நெல் மூட்டை ஆகியவற்றை டிராக்டரும் டிரெய்லரும் கொண்டே பெரும்பாலும் எடுத்துச் செல்கிறோம். ஏற்றத்தில் வண்டி திணறினால் நின்றுவிடும். ஆனால் இறக்கத்தில் கட்டுமீறினால் உயிருக்கே ஆபத்து. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலைக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. ஏரிக்கரைச் சரிவுக்கும் இரயில்வே மேம்பால இறக்கத்திற்கும் இது பொருந்தும்.

சுமை தள்ளுவது எப்படி?

டிராக்டரின் எடை 2 டன், சுமையுடன் டிரெய்லர் 8 டன் என்று கொள்வோம். 10 மீட்டர் தூரத்திற்கு 1 மீட்டர் தாழும் இறக்கத்தில், இந்த 10 டன்னும் ஏறத்தாழ 1 டன் விசையுடன் கீழ்நோக்கி இழுக்கும். டயர்களின் உருளல் தடை அதில் ஒரு சிறு பங்கையே குறைக்கும். மீதியைப் பிடித்து நிறுத்த வேண்டியவை டிராக்டரின் பின் சக்கரங்களே. அவற்றின் மேல் இருக்கும் எடையோ சுமார் 1,300 கிலோ தான். நான்கு சக்கர டிரெய்லரின் சுமை டிராக்டரின் மேல் அமர்வதில்லை. சாலை ஈரமாக இருந்தால் அந்த எடையில் பாதியளவு பிடிமானம்கூடக் கிடைக்காது. எனவே டிரெய்லருக்குத் தனி பிரேக் இருப்பது மிகவும் அவசியம். அது இல்லாவிடில் சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

என்ஜினே முதல் பிரேக்

பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. 10 டன் எடை 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்கப் போதுமானது. இவ்வளவு வெப்பமும் பிரேக்கில் சேர்ந்தால் அதன் பிடிப்பு தளர்ந்துவிடும். இந்தப் பணியில் பெரும்பகுதியை என்ஜினிடம் விட வேண்டும்.

இறக்கம் தொடங்குமுன்பே வண்டியை நிறுத்தித் தாழ்ந்த கியரைப் போடுங்கள். அதே மேட்டை ஏற எந்தக் கியர் தேவையோ, அதற்கு மேற்பட்ட கியரில் இறங்கக் கூடாது. பல டிராக்டர்களில், ஓடும்போது நழுவிய கியரை மீண்டும் போட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள டிராக்டராயின் அதையும் இணையுங்கள். அப்போது என்ஜினின் தடை முன் சக்கரங்களுக்கும் கிடைக்கும்.

ஆக்சிலேட்டரை முழுவதும் குறைத்தாலும் சுமை தள்ளுவதால் என்ஜின் வேகம் கூடலாம். கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும். சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றுவதை அதனால் தடுக்க இயலாது. எனவே என்ஜின் இரைச்சல் கூடியவுடன் பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். பிறகு காலை எடுத்துவிடுங்கள். தொடர்ந்து மிதித்தபடியே வந்தால் பிரேக் சூடேறும்.

நியூட்ரலில் டீசல் மிச்சமா?

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்று சிலர் கருதுகின்றனர். இது தவறு. கியரில் இறங்கும்போது கவர்னர் டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ என்ஜின் தானே ஓடுவதற்கு டீசல் செலவாகிறது. மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. கிளட்ச்சை மிதித்தபடி இறங்குவதும் இதே ஆபத்தைத் தரும்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

1. இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கியால் இணைக்கவும். ஒரு பெடல் மட்டும் அழுந்தினால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிக் கவிழக்கூடும்.

2. இரு சக்கர டிரெய்லரில் பின்பக்கம் சுமை மிகக் கூடாது. மிகுந்தால் அது டிராக்டரின் பின்பகுதியைத் தூக்கிப் பிடிமானத்தைக் குறைக்கும்.

3. இணைப்புப் பின், அதன் பூட்டு, பாதுகாப்புச் சங்கிலி ஆகியவற்றைச் சரிபார்க்கவும்.

4. வேகம் இரு மடங்கானால், நிறுத்துவதற்குத் தேவையான ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைக்கவும்.

5. பின் சக்கரம் வழுக்கினால் பிரேக்கை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கவும். பிரேக்கை மேலும் அழுத்தினால் டிரெய்லர் டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கிவிடும்.

6. குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழி விடவும்.

7. சரிவில் நிறுத்த நேர்ந்தால் சக்கரங்களின் கீழ்ப்பக்கம் கல்லோ கட்டையோ வைத்த பிறகே இறங்கவும்.

இறக்கத்தில் நிதானமாக வந்தால் சில நிமிடங்களே கூடுதலாகும். விளைச்சலும் வண்டியும் ஓட்டுபவரும் நலமாக வீடு வந்து சேர அது போதும்.