பழைய கிட்டாரில் உளி வைக்கலாமா?

வியாபாரிகள் படிக்கும் இதழில் கிட்டாருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நமக்கும் சென்ற ஆண்டு வரை கிட்டார் என்றால் கல்யாண மண்டபத்தில் காதைப் பிளக்கும் ஒரு சாமான், அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகளாக வத்தலும் மல்லியும் புளியும் நிறுத்துக் கொடுத்த கை நம்முடையது. ஆனால் குடும்பத்தில் ஒரு வழக்கு வந்தது. இருப்பவர்களில் மூத்தவர் என்ற முறையில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. விசாரிக்க விசாரிக்க, பழைய சரக்கு கையில் வந்த எந்த வியாபாரிக்கும் உரிய கேள்விதான் இது என்று பட்டது.

காலஞ்சென்ற நம் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். 1974இல் கப்பல் நியூயார்க்கில் நின்றபோது பழைய சாமான் கடை ஒன்றில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி வந்தார். அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர். நடுவில் மஞ்சள், சுற்றிச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. அவர் வாசித்தார் என்று சொல்ல முடியாது, வைத்துத் தட்டிக்கொண்டிருப்பார். அவர் மகன் உண்மையாகவே கற்றுக்கொண்டு, இன்று மெல்லிசைக் குழுக்களில் அதை வாசித்துத்தான் பிழைக்கிறான்.

அவனுக்கு உள்ள தொல்லை இரைச்சல். மண்டபத்தில் சீரியல் விளக்கும் ஜெனரேட்டரும் ஓடும்போது, வாசிக்காத நேரத்திலும் கிட்டார் 'ம்ம்ம்' என்று முனகும். மேடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். குழு நடத்துபவர் இரண்டு முறை முகம் சுளித்தாராம். பழுது பார்ப்பவர் ஒருவர், "மரத்தைக் கொஞ்சம் குடைந்து ஹம்பக்கர் போட்டுவிட்டால் சத்தம் நின்றுவிடும், இரண்டு மணி நேர வேலை" என்று சொல்லியிருக்கிறார். மதினி மட்டும் மரத்தில் கை வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார்.

"பூட்டி வைக்கவா அப்பா வாங்கினாங்க, சித்தப்பா? வாசிக்கத்தானே?" என்று கேட்டான் பையன். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். அதற்குப் பெயர் பிக்கப். தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அது பெட்டிக்குப் போய் ஒலியாகும். ஆனால் அந்தச் சுருள் தந்தியை மட்டும் கேட்பதில்லை. பக்கத்தில் ஓடும் நம் ஊர் 50 சைக்கிள் கரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். கிப்சன் கம்பெனியில் இருந்த சேத் லவர் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தால் வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், தந்தியின் ஒலி மட்டும் நிற்கும். 1955இல் விண்ணப்பித்து 1959இல் காப்புரிமை பெற்றார். அதுதான் ஹம்பக்கர். இரட்டைச் சுருள் என்பதால் அகலம் அதிகம். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் குறுகிய குழியில் இறங்காது. அதனால்தான் உளி.

இனி விலைக்கு வருவோம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது. அதிர்வுக் கைப்பிடியோடு 249 டாலர் 50 சென்ட். செய்த லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ரேடியோ பழுது பார்த்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. (மிளகாய் மண்டிக்காரனுக்குக் காரம் ஆகாது என்பதைப் போல!) 1965இல் கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு தரம் இறங்கிவிட்டது என்று வாசிப்பவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். பழையதைத் தேடி ஓடினார்கள். 'சி.பி.எஸ்.சுக்கு முந்தியது' என்பதே அந்த வியாபாரத்தில் ஒரு தர முத்திரை ஆகிவிட்டது. 1985இல் அந்தப் பெரிய நிறுவனம், தொழிற்சாலைக் கட்டடத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பெயரையும் சரக்கையும் 1 கோடியே 25 லட்சம் டாலருக்குத் தன் நிர்வாகிகளிடமே விற்றுவிட்டு ஒதுங்கியது. இருபது ஆண்டு நடத்திய பிறகு, வாங்கிய விலை கூட இல்லை. கை மாறும் கடைகளைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

நம் கிட்டார் முந்தியதா, பிந்தியதா? பழுது பார்ப்பவரின் மேஜையில் நாமே உட்கார்ந்து பார்த்தோம். மேல் தகட்டுக்குப் பதினொரு திருகு. கழற்றித் திருப்பினால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியின் முதுகில் எண் பொறித்திருந்தது. முதல் மூன்று இலக்கம் செய்தவன் அடையாளம், அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். ஆண்டு 63. கிட்டாரின் கழுத்தை நாலு திருகு எடுத்துக் கழற்றினால் அதன் அடியிலும் மாதம், ஆண்டு மை முத்திரை. அதுவும் 63தான். மூட்டையில் மில் முத்திரையும் லாட்டு நம்பரும் பார்த்து வாங்கிய நமக்கு ஒரே மகிழ்ச்சி! சரக்கு கலப்படமில்லாதது.

அப்படிப்பட்டது இன்று அமெரிக்காவில் பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. ஆனால் ஒன்று: பழைய பூச்சைச் சுரண்டிப் புதுப் பூச்சு அடித்தால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்த வியாபாரிகளின் பொதுக் கணக்கு. மரத்தைக் குடைந்தாலும் பெரிய இறக்கம்தான். குடைந்த இடத்தில் துண்டு வைத்து அடைத்துப் பூசலாம். அடைத்தது அடைத்ததாகத்தான் தெரியும். எடைக்கல்லை அராவிய பிறகு ஈயம் ஊற்றிச் சரி செய்தாலும் பழைய முத்திரை செல்லாது அல்லவா? 1970களிலும் 80களிலும் எத்தனையோ பேர் ஹம்பக்கருக்காக இந்த மாதிரிக் கிட்டார்களைக் குடைந்தார்கள். அன்று அது வெறும் பழைய சாமான். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பையன் விடவில்லை. "டேவிட் கில்மோர் தன் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் செய்யாத வேலையா, சித்தப்பா?" என்றான். அது உண்மை. கழுத்தை மாற்றினார், பிக்கப் மாற்றினார், கூடுதல் சுவிட்சு வைத்தார், வேறு கைப்பிடிக்காக மரத்தையே வெட்டிப் பிறகு அடைத்தார். 2019 ஜூனில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' மூன்று பழைய கிட்டார்களைக் கலந்து சேர்த்தது; 2004இல் 9,59,500 டாலர். "தம்பி, அங்கே விலை போனது கிட்டாருக்கு இல்லை, அந்தக் கைக்கு. உன் கை அந்த அளவுக்கு வரட்டும், சித்தப்பா முதல் ஆளாகச் சந்தோஷப்படுவேன். அதுவரை மரத்துக்குத்தான் விலை" என்றோம். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டோம் என்று பிறகு தோன்றியது.

விற்கப்போவதில்லை என்கிற பொருளுக்கு விலை எதற்கு என்றும் கேட்டான். விற்கமாட்டோம் என்று சொன்ன எத்தனை நிலமும் நகையும் ஆஸ்பத்திரிச் செலவில் போயிருக்கின்றன என்பது அவனுக்கும் தெரியும். அவன் அப்பாவின் கடைசி மாதங்களிலேயே பார்த்தவன். அதை நாம் எடுத்துச் சொல்லவில்லை.

வழி காட்டியது மதினிதான். அலமாரியிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஒரு சுவிட்சும் இரண்டு திருகும். இந்தக் கிட்டாருக்கு ஆதியில் மூன்று நிலைச் சுவிட்சுதான். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி வேறொரு ஒலி எடுப்பார்கள். அதைப் பார்த்துக் கம்பெனியே 1977இல் ஐந்து நிலைச் சுவிட்சு போட ஆரம்பித்தது. அண்ணனும் பிறகு அதே போல ஐந்து நிலையாக மாற்றியிருக்கிறார். ஆனால் பழையதைத் தூக்கி எறியவில்லை. நாளைக்கே திருப்பிப் போடலாம், அதே பள்ளம், அதே திருகு ஓட்டை.

இதைக் கேட்டதும் பழுது பார்ப்பவரே சொன்னார்: ஒற்றைச் சுருள் அளவிலேயே, அதே குழியில் இறங்கும்படி இரைச்சலில்லாத பிக்கப்கள் பல ஆண்டுகளாகக் கிடைக்கின்றன, டிமார்சியோ, சைமர் டங்கன் போன்றவர்கள் செய்கிறார்கள். (இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். உளி வேலைக்குக் கூலி அதிகம் போலும்.) புதுத் தகடு ஒன்றில் மூன்று பிக்கப், சுவிட்சு, திருகாணி எல்லாவற்றையும் முன்கூட்டியே பற்றவைத்துக்கொண்டு, பழைய தகட்டை அப்படியே முழுதாக எடுத்துவிடலாம். செருகுமிடத்துக்குப் போகும் இரண்டு கம்பி, பின்பக்கச் சுருள்வில்லுக்குப் போகும் எர்த் கம்பி ஒன்று. இந்த மூன்று பற்று மட்டும் கலையும். அந்தக் கால ஈயப் பற்றைக் கூடக் கலைக்காமல் கேட்பவர்கள் உண்டு. அந்தச் சிறு நஷ்டத்தை ஏற்றுக்கொண்டோம்.

ஏற்கெனவே யாரோ குடைந்துவிட்ட பழைய கிட்டார் கிடைத்தால் இத்தனை யோசனை வேண்டியதில்லை. போன மதிப்பு போனதுதான். வேண்டியபடி வெட்டிக்கொண்டு மேடையில் ஏறலாம். வாங்கும் விலையும் குறைவு. வருவாய் சேர்ந்தால் அப்படி ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறோம்.

புதுத் தகட்டுக்கான செலவை நாமே கொடுத்தோம். முனகல் நின்றுவிட்டது. ஆனாலும் பையனுக்கு முழு மனது இல்லை. அசல் ஹம்பக்கரின் கனம் இதில் வரவில்லை, சித்தப்பா பாதி வழியில் நிறுத்திவிட்டார் என்று அவன் மதினியிடம் சொன்னதாகக் கேள்வி. இருக்கலாம், நம் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பழைய தகடு, பதினொரு திருகோடு, துணியில் சுற்றி, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் நம் கடை இரும்புப் பெட்டியில் இருக்கிறது. தேதி போட்டு ஒரு சீட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.