தணலும் மூடியும்: ஓவன் இல்லாத அடுப்படியில் பெரிய கறித் துண்டு



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் இலக்கியம், வரலாறு, சட்டம் ஆகியவற்றைப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அடுப்படி. இரண்டு கிலோ மாட்டுக்கறியைத் துண்டு போடாமல், முழுசாக, ஓவன் இல்லாமல் பதமாக வேகவைப்பது எப்படி? இதுதான் கேள்வி. சட்டமும் வரலாறும் இந்தச் சட்டிக்குள் எவ்வளவு கிடக்கின்றன என்பது போகப் போகத் தெரியும்.

புதுச்சேரியில் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கருப்பு நகரம் என்று பிரித்துக் கட்டப்பட்ட ஊர் இது. கிழக்குப் பக்கத் தெருக்களில் இன்று பிரெஞ்சு–தமிழ்க் கலப்புச் சமையல் ஊரின் பெருமையாக விற்கப்படுகிறது. ரகு, வெந்தய், ரோஸ்ட் என்று பெயர்கள் வருகின்றன. அவற்றைச் சமைத்த கைகளின் பெயர் வருவதில்லை. பிரெஞ்சுக்காரர் ஓவனில் செய்ததை நம்மவர்கள் வசதியில்லாமல் சட்டியில் செய்து சமாளித்தார்கள் என்று நினைத்துக்கொள்வதும் எளிது. அந்த நினைப்பு தவறு என்பதைக் காட்டுவதுதான் இந்த உரையின் நோக்கம். நமக்குக் கிடைக்கும் மாட்டுக்கறிக்கு ஓவனைவிட மூடிய சட்டியே பொருத்தம். அது மாற்று ஏற்பாடு அல்ல, தேர்ந்த அறிவு.

துரை வீட்டு அடுப்படியில் யார்?

பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா 1792இல் பிரான்சை விட்டு இந்தியா வந்தவர். புதுச்சேரி மிஷனோடு இணைந்து தொண்டாற்றியவர். இந்திய மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1816இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஐரோப்பியர் வீடுகளில் வேலைக்காரர்களாகப் பறையர்களே இருந்ததை அவர் குறிப்பிடுகிறார். காரணத்தையும் சொல்கிறார்: மாட்டுக்கறி சமைக்கும் அடுப்படிக்குப் பிற சாதியார் வரமாட்டார்கள். துபுவா இதை நம்மைப் பாராட்டிச் சொல்லவில்லை. அவருடைய எழுத்தில் நம் மக்கள்மீது இளக்காரம் நிறைய உண்டு. ஆனாலும் நமக்கு வேண்டிய சான்று அதற்குள் இருக்கிறது. ஐரோப்பியர் மேசைக்குப் போன மாட்டுக்கறி நம்மவர் கையில் வெந்தது.

இதோடு இன்னொரு குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில், 1745ஆம் ஆண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, புதுச்சேரி மாதா கோவிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து நின்ற சுவரையும், அதை எதிர்த்து அவர்கள் முறையிட்டதையும் எழுதியிருக்கிறார். பூசை நேரத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாதவர், சாப்பாட்டு நேரத்தில் சமைத்துத் தர வேண்டியவர். சாதி தன் வசதிக்குத் தீட்டை எங்கே வைக்கும், எங்கே எடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

துரை வீட்டில் முழுத் துண்டைச் சமைத்தவர், தன் வீட்டில் அரைக் கிலோவைச் சிறு துண்டுகளாக வெட்டிக் குழம்பு வைத்தார். சிறு துண்டு சீக்கிரம் வேகும், விறகு மிச்சமாகும், எல்லோருக்கும் பங்கு வரும். கூறு போட்டு வாங்கும் கறி அப்படித்தான் அடுப்பேறும். பெரிய துண்டு நம் வீட்டுக்கு வருவது கல்யாணம், கிறிஸ்துமஸ் போன்ற நாட்களில்தான். ஆகவே இரண்டு விதமான சமையலும் அந்த ஒரே ஆளுக்குத் தெரிந்திருந்தது.

சட்டம் நம் சட்டியில் போடும் கறி

புதுச்சேரியில் 1968ஆம் ஆண்டின் பசுவதைத் தடுப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. அதன்படி பசுவையும் கன்றையும் அறுக்கக் கூடாது. காளை, எருது என்றால் பதினைந்து வயதைத் தாண்டியிருக்க வேண்டும். அல்லது உழவுக்கும் இனவிருத்திக்கும் நிரந்தரமாகப் பயன்படாதது என்று சான்று பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடுகளை அனுமதிக்கிறது. 1976 முதல் அங்கே பசுவை அறுக்கவும் அரசாணை தடை போட்டது.

உச்ச நீதிமன்றம் 1958இல் ஹனீஃப் குரேஷி வழக்கில், மாட்டிறைச்சியும் எருமை இறைச்சியும் ஏழைகள் வாங்கக்கூடிய மலிவான உணவு என்பதைக் கணக்கில் எடுத்தது. பயன் முடிந்த காளை, எருதுகளை அறுக்கவே கூடாது என்பது செல்லாது என்றும் சொன்னது. 2005இல் குஜராத் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஒருவர் மாறுபட, அந்த நிலையிலிருந்து விலகியது.

சட்ட மாணவர்கள் இவற்றை உரிமைப் பிரச்சினையாகப் படிப்பார்கள். சமைப்பவர்களுக்கு இதில் வேறொரு செய்தியும் இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கச் சமையல் நூல்கள் ஓவனில் வாட்டச் சொல்வது, கறிக்காகவே வளர்த்து இளவயதில் அறுத்த மாட்டின் மெத்தென்ற முதுகுக் கறியை. நம் கடையில் தொங்குவது வண்டியிழுத்து, ஏர் பிடித்து, பத்துப் பதினைந்து வருடம் உழைத்த எருதின் கறி. உழைத்த உடம்பின் கறி வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சவ்வு எப்படி உருகுகிறது

தசை நார்களைக் கட்டி வைத்திருக்கும் வெள்ளைச் சவ்வுக்குக் கொல்லாஜன் என்று பெயர். உழைக்கும் தசையில், அதாவது கால், தோள், கழுத்துப் பகுதிகளில், இது அதிகம். மாட்டுக்கு வயது ஏற ஏற இந்தச் சவ்வு இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொள்கின்றன. கிழ மாட்டின் கறி கடினமாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்தப் பின்னல்தான்.

கறியின் உள்வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்போது சவ்வு சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். அந்த நேரத்தில் இறக்கினால் செருப்புத் தோல் போல இருக்கும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். அடுப்பை விட்டு இறக்காமல், உள்வெப்பம் 80, 90 டிகிரியில் சில மணி நேரம் நிற்கும்படி விட்டால், அதே சவ்வு கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஜெலட்டின் ஆகும். பாயா ஆறினால் கட்டிப்படுகிறதே, அது இந்த ஜெலட்டின்தான். நார்கள் பிரியும், நாவில் வழுவழுப்பு வரும்.

இந்த மாற்றத்துக்கு வேண்டியவை மூன்று: ஈரம், மிதமான சூடு, நேரம். உலர்ந்த சூட்டில் திறந்து வைத்தால் சவ்வு உருகுவதற்குள் மேல்புறம் காய்ந்துபோகும். மூடிய சட்டி ஆவியை உள்ளேயே சுற்றவிடுகிறது.

பெரிய துண்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தடிமன் இரு மடங்கானால், நடுப்பகுதிவரை சூடு போக ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். ஆகவே துண்டைப் பந்து போல வைக்காமல், நீள உருளையாகக் கட்ட வேண்டும். பப்பாளிக்காய் தடவினால் போதாதா என்று கேட்பார்கள். பப்பாளியின் நொதி மேல்புறத்தில் சில மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். சிறு துண்டுக்கு அது உதவும். பெரிய துண்டில் வெளியே குழைந்து, உள்ளே அப்படியே இருக்கும்.

செய்முறை

முன்தொடை அல்லது தோள் பகுதியிலிருந்து இரண்டு கிலோ, ஒரே துண்டாகக் கேட்டு வாங்க வேண்டும். மேலே உள்ள தடித்த தோல் போன்ற சவ்வை மட்டும் சீவிவிட்டு, உள்ளே ஓடும் சவ்வை விட்டுவிட வேண்டும். பருத்தி நூலால் இரண்டு விரல் இடைவெளியில் சுற்றி உருளையாகக் கட்ட வேண்டும். 30 கிராம் உப்பு, இரண்டு தேக்கரண்டி இடித்த மிளகு, ஒரு முழுப் பூண்டு நசுக்கியது, மூன்று மேசைக்கரண்டி வினிகர் ஆகியவற்றைத் தடவி, குளிர்பெட்டியில் ஓர் இரவு வைக்கலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் காலையில் வாங்கி, ஒரு மணி நேரம் ஊறவைத்து அடுப்பேற்றிவிட வேண்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

சமைக்கும்முன் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேல்புறம் 100 டிகிரியைத் தாண்டாது, சிவக்காது. அடிகனமான தேக்சாவில் எண்ணெயோ உருக்கிய மாட்டுக் கொழுப்போ காயவைத்து, எல்லாப் பக்கமும் கரும்பழுப்பாகும்வரை, சுமார் கால் மணி நேரம் திருப்பித் திருப்பி வறுக்க வேண்டும். வாசனையும் நிறமும் இங்கேதான் பிறக்கின்றன. துண்டை எடுத்து வைத்துவிட்டு, அதே கொழுப்பில் நான்கு பெரிய வெங்காயம், பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை போட்டு வதக்கி, கறியைத் திரும்ப வைத்து, அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இறுக்கமான மூடி போட்டு, அடியில் கொஞ்சம் தணலும் மூடிமேல் கொஞ்சம் தணலும் வைத்தால் இரண்டு பக்கமும் சூடு வரும். சவுக்குக் கரி நின்று எரியும். முக்கால் மணிக்கு ஒருமுறை தணலை மாற்ற வேண்டும். கரி அடுப்பைத் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும். கேஸ் அடுப்பு என்றால், தோசைக்கல்லின் மேல் தேக்சாவை வைத்துச் சிம்மில் விடலாம். அடி பிடிக்காது. உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஒன்றிரண்டு கொப்புளம் எழுந்தால் போதும். இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை திருப்பிவிட்டு, தண்ணீர் வற்றியிருந்தால் வெந்நீர் சேர்த்து, மறுபடி மூட வேண்டும். இந்த முறை மூடி விளிம்பைப் பிசைந்த மாவால் ஒட்டிவிடலாம். மொத்தம் நான்கு மணி நேரம், மாடு கிழடு என்றால் ஐந்து. கம்பியால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கறி கெட்டதாக அர்த்தமில்லை, நேரம் போதவில்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நான்கு மணி நேரம் கிடைக்காது. குக்கரில் அழுத்தத்தால் வெப்பம் 120 டிகிரி அளவுக்கு ஏறுவதால் சவ்வு வேகமாக உருகும். வறுத்த துண்டோடு இரண்டு குவளை தண்ணீர் விட்டு, முதல் விசில் வந்ததும் சிம்மில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் வைக்கலாம். விசிலை எண்ண வேண்டாம், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பிடுங்கினால், உள்ளே சாறு பொங்கிக் கறி வறண்டுவிடும்.

எப்படிச் சமைத்தாலும் அரை மணி நேரம் சாற்றிலேயே ஆறவிட்டு, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். சாற்றைச் சுண்டவைத்து மேலே ஊற்றலாம். மீதியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

பெயரும் உரிமையும்

மூடிய சட்டியில் சிறிது நீர்விட்டு வேகவைப்பதைப் பிரெஞ்சில் 'பிரெசே' என்பார்கள். அந்தச் சொல்லின் வேர் 'பிரேஸ்', அதாவது தணல். பிரான்சிலும் இது தணலில் பிறந்த சமையல்தான், மூடிமேல் தணல் வைத்துச் செய்ததுதான். நம்மூர்த் தம் பிரியாணியும் இதே வேலையைச் செய்கிறது. பாரிசில் செய்தால் கலை, சேரியில் செய்தால் சமாளிப்பு என்று பிரித்துப் பார்க்க அடுப்பில் எந்தக் காரணமும் இல்லை.

காரணம் வெளியே இருக்கிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது. விழா மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. அதை விலக்கியது பாகுபாடு என்று தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. தட்டில் எதை வைக்கலாம் என்பது பொது இடத்தில் யார் நிற்கலாம் என்பதோடு சேர்ந்தே முடிவாகிறது.

நம் இயக்கத்துக்குள்ளும் உணவைப் பற்றிய விவாதம் உண்டு. அம்பேத்கர் 1927 மகாட் மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியை விட்டுவிடச் சொன்னார். அது இழிவாகத் திணிக்கப்பட்டதை மறுக்கும் குரல். 1948இல் வெளியான நூலில், தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சியோடு இணைத்து ஆராய்ந்தார். திணிக்கப்பட்டதை மறுப்பதும், விரும்பியதைத் தலைநிமிர்ந்து உண்பதும் ஒரே சுயமரியாதையின் இரண்டு பக்கங்கள். மாட்டுக்கறி வேண்டாம் என்று முடிவெடுத்த தோழருக்கும் இந்த மேடையில் அதே மதிப்பு உண்டு.

மராத்தியில் ஷாஹு பாட்டோளே, மராத்வாடா தலித் சமையலை அதன் வரலாற்றோடு சேர்த்து நூலாக்கினார். 2024இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. புதுச்சேரிக்கும் அப்படி ஒன்று வேண்டும். மாணவ நண்பர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் பாட்டியோ, அத்தையோ, பெரியப்பாவோ யார் வீட்டில் சமைத்தார்கள், எந்தச் சட்டியில், எவ்வளவு உப்புப் போட்டு, எத்தனை மணி நேரம் வைத்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் பெயரிலேயே எழுதுங்கள். 'ஒரு கைப்பிடி' என்று சொன்னால் அந்தக் கைப்பிடியைத் தராசில் வைத்துப் பாருங்கள். உணவகத்துப் பட்டியல் அச்சாகும் முன்பே, சமைத்தவரின் பெயர் அச்சாக வேண்டும்.