மரு என்று விட்டுவிடாதீர்கள்!

வியர்வை என்றால் நமக்கு ஞாபகம் வருவது பவுடர் விளம்பரமும், நெரிசல் பஸ்ஸில் பக்கத்து ஆசாமி தூக்கிப் பிடித்திருக்கும் கையும்தான். அந்த வியர்வையைச் சுரக்க நம் உடம்பில் 20 லட்சத்துக்கும் மேல் சுரப்பிகள் இருக்கின்றன. அதிலும் கேன்சர் வரும் என்பது என் பி.காம். மூளைக்கு, நண்பரின் அப்பா மூலமாகத்தான் எட்டியது.

எழுபது வயசு. முழங்காலுக்குக் கீழே சிவப்பாக ஒரு மரு. வருஷக்கணக்கில் சாதுவாக இருந்தது, திடீரென்று பெருத்து, வேஷ்டி உரசினாலே ரத்தம் கசிந்தது. 'சுண்ணாம்பு வைங்க', 'குதிரை முடியைக் கட்டினா தானா விழுந்துடும்' என்று தெருவே டாக்டரானது. ஒரு கிளினிக்கில் சீவி எடுத்து, அடியைச் சுட்டு அனுப்பினார்கள். சீவிய சதை நேராகக் குப்பைக் கூடைக்கு! அதை பயாப்ஸிக்கு அனுப்பியிருந்தால் விஷயம் அன்றே தெரிந்திருக்கும். சில மாசத்தில் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. அடுத்த டாக்டர் டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ரிப்போர்ட்டில் வந்த பெயர், போரோகார்சினோமா.

1963-ல் பிங்கஸ், மெஹ்ரிகன் என்ற இருவர் முதலில் விவரித்த வியாதி இது. பெரும்பாலும் வயசானவர்களுக்கு, கால் அல்லது தலைப் பக்கம் வரும். பார்வைக்கு அசல் மரு! எத்தனை பெரிய ஸ்பெஷலிஸ்ட்டாலும் கண்ணால் பார்த்து சத்தியம் பண்ண முடியாது. மைக்ராஸ்கோப்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு பங்காளி உண்டு. மைக்ரோசிஸ்டிக் அட்நெக்சல் கார்சினோமா. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நமக்கே வியர்க்கிறது!) முகத்தில், முக்கியமாக உதட்டுப் பக்கம், தழும்பு மாதிரி தடித்திருக்கும். நரம்பு வழியே ஊர்வதால் அந்த இடம் மரத்துப் போகலாம். மேலாகச் சுரண்டி டெஸ்ட் பண்ணினால் 'சாதாரணக் கட்டி' என்று ரிப்போர்ட் வந்து ஏமாற்றிவிடும். ஆழமாக எடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

வைத்தியம்? கத்திதான். சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்தே வெட்டுகிறார்கள். 1930-களில் அமெரிக்க டாக்டர் ஃபிரெடெரிக் மோஸ் ஆரம்பித்து வைத்த முறை ஒன்று உண்டு. ஒரு அடுக்கு எடுப்பது, ஓரங்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, மிச்சம் இருந்தால் அங்கே மட்டும் அடுத்த அடுக்கு. டாலி ஆகாமல் கையெழுத்துப் போடாத ஆடிட்டர் மாதிரி!

வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டால்தான் சிக்கல். கீமோதெரபி கொடுக்கிறார்கள், ஆனால் இதற்கென்றே நிரூபணமான மருந்து கிடையாது. அபூர்வ நோய், பெரிய ஆராய்ச்சி நடத்தப் போதுமான பேஷன்ட்டுகள் எங்கே? அதனால் ஆபரேஷன் முடிந்தும் ஃபைலை மூடுவதில்லை. காலில் வந்தவர்களுக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு விசிட்டிலும் தடவிப் பார்க்கிறார்கள்.